கூண்டுக்குள் ஈரம்

ஷார்ஜா,
12.8.1999

அன்பு மகள் அலீனாவுக்கு, மாமி ஷரீபுன்னிசாவின் சலாம்.

நானும் உன் நாத்தனார் ரஹமத்தும் அவள் பெற்ற பிள்ளையும் நன்றாக இருக்கிறோம். உன் சளி விட்டதா? என் பிள்ளை தௌசிஃப் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறானா, கடையில் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவிலேயே சாப்பிட்டுக்கொள்கிறானா? அவனுக்கு முட்டை பொரிக்கத் தெரியும். தெரியாதது போல நடிப்பான். நம்பாதே.

ஏன் கடிதம் என்று நினைப்பாய். இங்கே போன் கூடத்தில் நட்டநடுவில் இருக்கிறது. நான் "அலீனா" என்று ஆரம்பித்தால் ரஹமத்தின் மாமனார் டிவியின் ஒலியைக் குறைத்துவிட்டுக் கேட்கிறார். மரியாதைக்குத்தான் குறைக்கிறாராம்.

அவர் முந்தாநாள் கேட்டார்: "உங்க மருமக என்ன ஆராய்ச்சி பண்றா?" வேதியியல் என்றேன். "வேதியியல்ல என்ன?" என்றார். வாழ்நாளெல்லாம் செங்கல்பட்டுப் பெண்கள் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். பதில் தெரியாமல் பிள்ளைக்குத் துணி மாற்றப் போவது போல எழுந்து போய்விட்டேன். ஒரே வீட்டில் இருந்தோம். நீ காலையில் ஓடுவாய், மாலையில் சோர்ந்து வருவாய். நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். புத்தகத்தில் இருப்பது போல எழுதாதே. என்னைக் கடைசி பெஞ்சுப் பிள்ளை என்று நினைத்து எழுது. ஆனால் கடைசி பெஞ்சுதான் அதிகம் கேள்வி கேட்கும், ஞாபகம் வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமி,
ஷரீபுன்னிசா


செங்கல்பட்டு,
4.9.1999

அன்புள்ள மாமிக்கு, அலீனா எழுதும் சலாம்.

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் மூட்டுவலிக்கு அந்த ஊர் ஏசி ஒத்துக்கொள்கிறதா? முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு உட்காருங்கள். தௌசிஃப் நடிப்பது உண்மைதான். நேற்று முட்டை உடைக்கத் தெரியாமல் விழித்தார். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். பேசாமல் உடைத்தார்.

மாமி, ஒரு வகைக் கனிமம் இருக்கிறது. பார்க்க வெள்ளை மாவு. பெரிதாக்கிப் பார்த்தால் முழுக்க முழுக்கக் கூண்டுகள், ஒன்றோடொன்று சுவரைப் பகிர்ந்துகொண்டு, தேன்கூடு போல. ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் ஒரு ஹைட்ரைடை வைக்கிறோம். போரோஹைட்ரைடு, உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு போரானைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன். கூண்டுக்கு ஜன்னல் உண்டு, ஆனால் மிகச் சிறியது. ஹைட்ரைடு அதன் வழியே நுழையவும் முடியாது, வெளியேறவும் முடியாது. அதனால் பறவையை நடுவில் வைத்து, அதைச் சுற்றிக் கூண்டு கட்டுகிறோம்.

பிறகு சூடாக்குகிறோம். சூடாக்கினால் ஹைட்ரைடு என்ன ஆகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. எனக்கு வழிகாட்டும் லட்சுமிநாராயணன் சார் சொல்வது: குறைந்த சூட்டிலேயே அது ஹைட்ரஜனை உதறிவிடுகிறது, கூண்டு அதற்கு உதவுகிறது. அப்படியென்றால் திரும்பவும் ஹைட்ரஜனை நிரப்பலாம். ஆட்டோவில் சிலிண்டருக்குப் பதிலாக ஒரு டப்பா கல்மாவு வைத்து ஓட்டலாம் என்கிறார்.

மாவைத் தயாரிக்கும் கொட்டகை மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையில். சூடாக்கிக்கொண்டே எடைபோடும் கருவி இங்கே செங்கல்பட்டில். உப்புக் காற்றில் தராசு துருப்பிடிக்கும் என்று இங்கே வைத்துவிட்டார்கள். வியாழக்கிழமைதோறும் திருக்கழுக்குன்றம் வழியாக வேனில் மாவைக் கொண்டுவருவேன். முன்பு கண்ணாடிக் குப்பியில் கொண்டுவந்தார்களாம். அந்தச் சாலையின் மேடுபள்ளத்தில் உடைந்துகொண்டே இருந்ததால், மருந்துப் பொடி மடிப்பது போல எண்ணெய்த்தாளில் மடித்து டிபன் பாக்ஸில் வைப்பது வழக்கமாகிவிட்டது. வேன் ஓட்டும் வரதன் அண்ணன் வாராவாரம் கேட்பார்: "இன்னாம்மா, இன்னிக்கு இன்னா பொட்டலம்? இருமலுக்கா, வயித்து வலிக்கா?"

இந்த மழைக்காலத்துக்குள் முடிவைப் பிரசுரத்துக்கு அனுப்பிவிட்டால், நோன்புப் பெருநாளுக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிடலாம் என்று சார் சொல்லியிருக்கிறார். துஆ செய்யுங்கள்.

உங்கள் மருமகள்,
அலீனா


ஷார்ஜா,
26.9.1999

அன்பு அலீனாவுக்கு, மாமியின் சலாம்.

முழங்காலில் ரஹமத்தின் பழைய துப்பட்டாவைச் சுற்றியிருக்கிறேன். வலி குறைவு, அழகும் குறைவு. உங்கள் இருவரின் சுகத்துக்கும் நாளும் துஆ செய்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், திருத்து. பிரியாணிக்குத் தம் போடுகிறோம். சட்டியின் வாயை மைதா மாவால் அடைத்துவிடுகிறோம். உள்ளே இருக்கும் கறி வெளியே வர முடியாது. ஆனால் சூடு ஏற ஏற மணம் மட்டும் எங்கோ ஒரு கீறலைக் கண்டுபிடித்து வெளியே வந்துவிடும். கறி ஹைட்ரைடு, மணம் ஹைட்ரஜன். சரியா?

இதையே ரஹமத்தின் மாமனாரிடம் சொன்னேன். மனிதர் அசந்துபோனார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லோரையும் கூட்டிவைத்து, "எங்க சம்பந்தியம்மா மருமக கல்லுல கார் ஓட்டப் போறா, பெட்ரோல் விக்கிறவன் எல்லாம் ஒட்டகம் மேய்க்கத்தான் போகணும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ஆனால் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சமர்ப்பிக்கும் தேதி தெரிந்ததும் எழுது.

உன் மாமி,
ஷரீபுன்னிசா


செங்கல்பட்டு,
30.10.1999

அன்புள்ள மாமிக்கு, அலீனாவின் சலாம்.

உங்களுக்கும் ரஹமத் மச்சிக்கும் பிள்ளைக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே மழை பிடித்துக்கொண்டது. உப்பு ஜாடியில் உப்பு கரைந்து நிற்கிறது. அப்பளத்தைப் பொரித்து இறக்குவதற்குள் நமத்துப்போகிறது.

உங்கள் தம் உதாரணம் சரிதான் என்றுதான் நானும் எழுத இருந்தேன். இப்போது இல்லை மாமி. நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் வேன் பட்டறையில் நின்றுவிட்டது. நான் பஸ்ஸில் வர வேண்டும். கொட்டும் மழையில் எண்ணெய்த்தாளை நம்ப முடியுமா? அதனால் மாவை ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு, லேசான சூட்டில் உலர்த்தி, காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, வாயை நெருப்பில் உருக்கி மூடி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதைச் சூடாக்கினால், வழக்கமாக ஹைட்ரஜன் வரும் சூட்டில் ஒன்றுமே வரவில்லை. எடை அசையவில்லை. சூடு இன்னும் வெகுதூரம் ஏறி, கூண்டே சிதையும் வரை ஹைட்ரைடு பேசாமல் உள்ளே உட்கார்ந்திருந்தது.

கருவியில் கோளாறு என்று நினைத்தேன். அதே மாவை வேனில் பொட்டலமாகக் கொண்டுவந்து போட்டேன். வழக்கம் போல ஹைட்ரஜன் வந்தது. மறுபடி குழாய். வரவில்லை. மறுபடி பொட்டலம். வந்தது.

அப்போதுதான் உப்பு ஜாடி ஞாபகம் வந்தது. அந்த மாவு கடல்காற்றில் தண்ணீரைக் குடிக்கிறது மாமி. பொட்டலம் செங்கல்பட்டு வந்து சேர்வதற்குள் ஈரம் ஒட்டிக்கொள்கிறது. சூடாக்கும்போது ஜன்னல் கொஞ்சம் அகலமாகிறது. ஹைட்ரைடு வெளியே வரும் அளவுக்கு இல்லை, தண்ணீர் உள்ளே போகும் அளவுக்கு. உள்ளே போன தண்ணீர் ஹைட்ரைடோடு வினைபுரிந்து அதை எரித்துவிடுகிறது. ஹைட்ரஜன் வருவது உண்மை. ஆனால் கூண்டுக்குள் மிஞ்சுவது ஹைட்ரைடு இல்லை, அதன் சாம்பல். போரேட். சாம்பலில் திரும்ப ஹைட்ரஜனை நிரப்ப முடியாது. ஒரு தரம் எரிந்த தீக்குச்சி.

சாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீ குழாயை நெருப்புல உருக்கினே. அந்தச் சூட்டுல சாம்பிள் கெட்டுப்போச்சு" என்றார்.

"குழாயோட வாயிலதான் சார் நெருப்பு. சாம்பிள் அடியில. வெளியே ஈரத்துணி சுத்தியிருந்தேன்."

"அலீனா, பேப்பர் தயார். நீ ரெண்டாவது ஆசிரியர். கையெழுத்து போட்டா டிசம்பர்ல தீசிஸ். உனக்கு டிகிரி வேணுமா, சண்டை வேணுமா?"

"ரெண்டும் வேணும் சார்."

வாய் தவறி வந்துவிட்டது மாமி. அவர் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல் என்று அனுப்பிவிட்டார்.

கையெழுத்துப் போட்டால் அஞ்சு வருஷ உழைப்பு பட்டமாகும். போடாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்,
அலீனா


ஷார்ஜா,
19.11.1999

அன்பு அலீனாவுக்கு, மாமியின் சலாம்.

எல்லோரும் சுகம். பிள்ளை குப்புற விழுகிறான், பிறகு திரும்பத் தெரியாமல் கத்துகிறான். மழையில் நனையாதே, உன் மூக்கு எனக்குத் தெரியும்.

கையெழுத்துப் போடு, போடாதே என்று நான் சொல்லப்போவதில்லை. நீ ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாய். யோசிக்கிறவள் இவ்வளவு தெளிவாக எழுதமாட்டாள்.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் அமிலச் சோதனையின்போது, சோதனைக் குழாயில் நிறம் மாறாவிட்டாலும் "சிவப்பாக மாறியது" என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது. நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள்தான் அப்படி எழுதுவார்கள். மாறவில்லை என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாளே ஒருத்தி. எனக்கு அவளைத்தான் பிடிக்கும்.

நேற்று கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது சொல்லிவிட்டேன்: "கல்லுல கார் ஓடாது. என் மருமகதான் கண்டுபிடிச்சா." ரஹமத்தின் மாமனார், "அப்போ இத்தனை வருஷம் என்னதான் கண்டுபிடிச்சாங்க?" என்று சிரித்தார். "ஓடாதுன்னு கண்டுபிடிச்சாங்க" என்றேன். ரஹமத் எனக்கு ஜாடை காட்டினாள், பேசாமல் இரு என்று. நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

பெருமை பேசிய வாயாலேயே இல்லை என்று சொல்வது மிளகாய் கடித்த மாதிரி இருக்கும். ஆனால் சொன்ன பிறகு நன்றாகத் தூங்கினேன்.

உன் மாமி,
ஷரீபுன்னிசா


செங்கல்பட்டு,
16.12.1999

அன்புள்ள மாமிக்கு, சலாம்.

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். நோன்பு நன்றாகப் போகிறது. பள்ளிவாசல் கஞ்சியைத் தௌசிஃப் தூக்கில் வாங்கி வருகிறார். கஞ்சியோடு கடித்துக்கொள்ள நீங்கள் பொரிக்கும் வாடாவுக்கு இங்கே எல்லோரும் ஏங்குகிறோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல் போயிருந்தோம். இந்த வருடம் ஏரி நிறைந்துவிட்டது. கூழைக்கடா நிறைய வந்திருக்கிறது. நத்தைகுத்தி நாரை வாயைப் பிளந்துகொண்டே நிற்கிறது, மூடத் தெரியாதாம். தௌசிஃப் அதைக் காட்டி யாரையோ போல இருக்கிறது என்றார். யாரை என்று சொல்லவில்லை.

பின்கட்டுச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. பெருநாளைக்கு முன் வெள்ளையடிக்க வேண்டும். நான்தான் அடிக்கப் போகிறேன். வேறு விசேஷம் இல்லை.

உங்கள் மூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலீனா


ஷார்ஜா,
1.1.2000

அலீனா,

சலாம். இங்கே சுகம். அங்கே சுகம் என்று எழுதியிருக்கிறாய். நம்பவில்லை.

உன் கடிதத்தில் கூழைக்கடா இருக்கிறது, நாரை இருக்கிறது, சுவர் இருக்கிறது. கூண்டு இல்லை. சார் இல்லை. வரதன் இல்லை. தேதி பதினாறு, வியாழக்கிழமை. வேன் நாள். அன்றைக்கு நீ வீட்டில் உட்கார்ந்து எனக்கு வாடாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். வகுப்பில் ஒரு பிள்ளை வருகைப் பதிவில் மட்டும் இருந்து கண்ணில் படாமல் இருந்தால் எனக்குத் தெரியாமல் போகாது.

வெளியே அனுப்பிவிட்டார்களா? ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் எழுது. அழுதாயா என்று நான் கேட்கவில்லை.

தௌசிஃபும் எனக்கு எழுதியிருந்தான். அவன் என்ன எழுதினான் என்று உன்னிடம் சொல்லமாட்டேன். நான் என்ன பதில் போட்டேன் என்றும் சொல்லமாட்டேன். அது எனக்கும் என் பிள்ளைக்கும் நடுவில்.

சுவருக்கு வெள்ளையடிக்க நீ எதற்கு? பெயின்ட் கடைக்காரன் வீட்டில் இருக்கிறானே.

ஷரீபுன்னிசா


செங்கல்பட்டு,
29.1.2000

அன்புள்ள மாமிக்கு, அலீனாவின் சலாமும் பெருநாள் வாழ்த்தும்.

ஆமாம்.

டிசம்பர் முதல் வாரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ என்னை விட்டுட்டுப் போற, நான் உன்னை அனுப்பலை" என்றார். கடற்கரையிலிருந்து திரும்பும்போது வரதன் அண்ணன் என்ன பொட்டலம் என்று கேட்கவில்லை. இறங்கும்போது மட்டும், "பேஜாரு பண்ணிக்காதம்மா. ஒடம்பு நல்லாகீதுல்ல, அத்தப் பாரு" என்றார். அங்கேதான் அழுதேன். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

உங்களுக்கு எழுதாததற்குக் காரணம் ஒன்றுதான். கூடத்தில் அத்தனை பேர் முன்னால் எனக்காகப் பேசியிருக்கிறீர்கள். துரத்திவிட்டார்கள் என்று எப்படி எழுதுவது?

தௌசிஃப் முதலில், "ஒரு கையெழுத்துதானே, கடையில நான் டெய்லி நூறு போடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் என்ன எழுதினீர்களோ தெரியாது. பெருநாளைக்கு மறுநாள் நான் ஏணியில் நின்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். வந்து நின்றார்.

"இன்னா அலீனா, ஏணி மேல குந்திகினு ஆராய்ச்சியா?"

"பார்த்தா தெரியலையா?"

"எறங்கு. எங்கம்மா லெட்டர்லயே என்னை வெளுத்துட்டாங்க, இனிமே சுவர் எதுக்கு? மெட்ராஸ்ல உனக்குத் தெரிஞ்ச அந்தம்மா யாரோ இருக்காங்கன்னியே, வா போலாம்."

"எப்போ?"

"இப்போ. மூஞ்சிய மட்டும் கழுவிக்கோ. பேய் மாதிரி கீற."

அந்தம்மா என்றது பேராசிரியர் சாரதாம்பாள். ஒரு கருத்தரங்கில் பழக்கம். அவரிடம் வாயுக்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி இருக்கிறது, ஒரு சிறு குப்பி கனநீரும் இருந்தது. என்னிடம் சீல் வைத்த குழாய்கள் சில மிச்சம் இருந்தன. குழாய்கள் பழைய ஆய்வுக்கூடத்தின் சொத்து, அதனால் சாரிடம் கேட்டேன். "எடுத்துக்கோ, கெட்டுப்போனதுதானே" என்றார்.

மாமி, சாதாரண ஹைட்ரஜன் ஜோடியின் எடை இரண்டு. கனநீரில் இருக்கும் ஹைட்ரஜன் ஒவ்வொன்றும் இரட்டை எடை. காய்ந்த மாவுக்குக் கனநீரின் ஆவியைக் காட்டிவிட்டுச் சூடாக்கினேன். சார் சொல்வது சரியென்றால், வாயு ஹைட்ரைடிலிருந்து மட்டும் வரும், எடை இரண்டு இருக்கும். நான் சொல்வது சரியென்றால், ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று ஹைட்ரைடிலிருந்தும் ஒன்று தண்ணீரிலிருந்தும் வரும். ஒன்றும் இரண்டும்.

கருவி வரைந்த கோடு மூன்றில் எழுந்தது மாமி. கம்பம் மாதிரி. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வெளியே மரத்தடியில் இருந்த தௌசிஃபிடம் ஓடிப்போய் "மூணு!" என்றேன். "பாஸா ஃபெயிலா அத்த சொல்லு" என்றார்.

மருமகள்,
அலீனா


ஷார்ஜா,
17.2.2000

அன்பு அலீனாவுக்கு, மாமியின் சலாம்.

என் மூட்டு, பிள்ளையின் பல், ரஹமத்தின் கோபம் எல்லாம் நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் பாலை மறந்துவிட்டேன். பொங்கி வழிந்தது. வழியட்டும் என்று இன்னொரு முறை படித்தேன்.

துரத்தியதை எழுத வெட்கப்பட்டேன் என்கிறாய். உனக்காகப் பேசியது நீ ஜெயிப்பாய் என்று கணக்குப் போட்டா? நன்றாக இருக்கிறது.

ஒரு கேள்வி. இந்த மூன்றை உன் சார் பார்த்தாரா? மேடமும் நீயும் தௌசிஃபும் பார்த்தது போதாது. மறுப்பு யாருக்கோ அவருக்கு முன்னால்தான் சொல்ல வேண்டும். முதுகுக்குப் பின்னால் சொன்னால் அது வம்பு.

உன் மாமி,
ஷரீபுன்னிசா


செங்கல்பட்டு,
25.3.2000

அன்புள்ள மாமிக்கு, அலீனாவின் சலாம்.

இங்கே சுகம். வெயில் ஆரம்பித்துவிட்டது, சளி விட்டது. ரஹமத் மச்சியின் கோபம் தணிந்ததா?

போனேன் மாமி. கல்மாவில் ஆட்டோ ஓட்டும் சாரின் திட்டத்தைப் பரிசீலிக்க வெளியூரிலிருந்து நிபுணர் குழு வந்த அன்று, யாரும் வரலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பின்வரிசையில் உட்கார்ந்தேன். சார் பேசி முடித்ததும் எழுந்தேன்.

"அலீனா, உட்காரும்மா" என்றார்.

"கேட்டுட்டு உட்காருறேன் சார்."

ஒரு சிலர் சிரித்தார்கள். குழுத் தலைவர் பேசச் சொன்னார். கோடு மூன்றில் எழுந்த படத்தைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். அவசரத்தில் அது கீழே விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தேன். பொட்டலம், கடல்காற்று, ஜன்னல், எல்லாம் சொன்னேன்.

சார் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "கனநீர் ஹைட்ரைடோட எரியாம, வெறுமனே இடம் மாத்திக்கிட்டிருந்தா? உள்ள இருந்த ஹைட்ரஜன் வெளிய போய், கன ஹைட்ரஜன் அந்த இடத்துல உக்காந்து, அப்புறம் ஹைட்ரைடே உதறியிருந்தா? அப்பவும் மூணு வரும்."

நல்ல கேள்வி மாமி. எனக்குத் தோன்றவே இல்லை. "வரலாம் சார். ஆனா காஞ்ச மாவுல ஒண்ணுமே வரலையே?" என்றேன். "அது நெருப்புல கெட்ட மாவு" என்றார். அங்கேயே நின்றுவிட்டது. குழு திட்டத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது. அவர் பேப்பரும் என் பெயர் இல்லாமல் வெளிவந்துவிட்டது.

தோற்றுப்போனேன் என்று எழுத மனம் வரவில்லை. சாரதாம்பாள் மேடத்திடம் புதிதாகப் பதிவு செய்துகொண்டேன். முதல் வருடத்திலிருந்து. தலைப்பு, "கூண்டிலுள்ள ஹைட்ரைடு சூட்டில் சிதைவதில் ஈரத்தின் பங்கு". ஆய்வுக் குழுவில் வெளியிலிருந்து ஒரு நிபுணர் வேண்டும், யாரைப் போடலாம் என்று மேடம் கேட்டார். லட்சுமிநாராயணன் சார் என்றேன்.

"பைத்தியமா உனக்கு? வருஷா வருஷம் உன் அறிக்கையை அவர்தான் பார்ப்பார். வேண்டாம்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சது."

"இந்தப் பக்கத்துல இதைப் பத்தி அவரை விட யாருக்கும் தெரியாது மேடம். அந்தக் கேள்வியை வேற யாராவது கேட்டிருப்பாங்களா?"

பெயரை எழுதி அனுப்பிவிட்டார். அவர் ஒத்துக்கொள்வாரா தெரியாது.

மருமகள்,
அலீனா


ஷார்ஜா,
14.4.2000

அன்பு அலீனாவுக்கு, சலாம்.

நலம். மே மாதக் கடைசியில் திரும்பிவிடுவேன். ரஹமத் இருக்கச் சொல்கிறாள். பிள்ளை உட்காரப் பழகிவிட்டான், இனி நான் எழுந்துகொள்ளலாம்.

உன் மேடம் கேட்டதைத்தான் நானும் கேட்டேன், பைத்தியமா என்று. கடிதத்தைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். ரஹமத்தின் மாமனார் என்ன விஷயம் என்றார். சொன்னேன். இந்த முறை சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு ஊருக்கு வந்தா எனக்குச் சொல்லுங்க, பார்க்கணும்" என்றார்.

முதல் வருடத்திலிருந்து என்று எழுதியிருக்கிறாய். ஒரே வரியில் எழுதிவிட்டாய். அது ஒரே வரியில் அடங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டில் யாராவது "இன்னுமா படிக்கிறா" என்று கேட்டால் என்னிடம் அனுப்பு.

உன் மாமி,
ஷரீபுன்னிசா


செங்கல்பட்டு,
9.5.2000

அன்புள்ள மாமிக்கு, அலீனாவின் சலாம்.

இங்கே சுகம். கத்திரி வெயில், மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. நீங்கள் விமானத்தில் முழங்காலை நீட்டி உட்கார ஓரத்து இருக்கை கேட்டு வாங்குங்கள். தௌசிஃப் மீனம்பாக்கத்துக்கு வருவார். நானும் வருவேன், அன்று வேறு வேலை இல்லாவிட்டால். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், சாரிடமிருந்து பதில் வந்துவிட்டது.

ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனையோடு. முதல் கூட்டத்துக்கு அவர் ஒரு சாம்பிள் கொண்டுவருவாராம். அவரே தயாரித்து, அவரே காயவைத்தது. நெருப்பே படாமல் மூடியது. குழு முழுக்க உட்கார்ந்திருக்க, நான் அதைச் சூடாக்கிக் காட்ட வேண்டும். குறைந்த சூட்டில் ஹைட்ரஜன் வந்தால் என் தலைப்பை நான் கைவிட வேண்டும். வராவிட்டால், வெளியான பேப்பரை அவர் திரும்பப் பெற்றுக்கொள்வாராம். அவர் கையெழுத்தில், திருத்தல் அடித்தல் இல்லாமல் எழுதியிருக்கிறார்.

தௌசிஃப் படித்துவிட்டு, "அண்ணாத்த உன்ன மாட்டவிடப் பாக்கறாரு. அவரு மாவுல இன்னா இருக்கோ" என்றார்.

"அவர் அப்படிச் செய்ய மாட்டார்" என்றேன்.

"உன்ன வெளிய அனுப்பின ஆளு!"

"அனுப்பினார். ஆனா கேள்வி கேட்கத் தெரிஞ்சவர்."

சாரதாம்பாள் மேடம் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். சார் கையால் செய்த மாவு நான் செய்தது போலவே நடக்கும் என்று என்ன நிச்சயம்? எனக்கே நிச்சயம் இல்லை மாமி. வந்துவிட்டால் எல்லாம் போயிற்று. மூன்றாவது முறை பதிவு செய்ய யாரும் இடம் கொடுக்க மாட்டார்கள். மேடம் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்.

"பயமா இருக்கா?" என்றார்.

"இருக்கு மேடம். தேதியைச் சொல்லுங்க" என்றேன்.

உங்கள்,
அலீனா